எந்த அணி பலமானது? ஆட்ட முடிவுகளை மட்டும் வைத்துக் கணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு கால்பந்து அணிகளில் எது சிறந்தது என்ற பேச்சு வந்தால், பெரும்பாலும் "போன மாதம் நேருக்கு நேர் ஆடினார்களே, யார் ஜெயித்தது?" என்ற கேள்வியோடு முடிந்துவிடும். பல சீசன்களாக ஆட்ட முடிவுகளைக் குறித்து வைத்துக் கணக்குப் போட்டு வருகிறேன். அதையே சில நண்பர்களுக்குச் சொல்லித் தந்தபோது, ஏறக்குறைய எல்லோரும் தடுக்கியது இந்த இடத்தில்தான். கையில் இருக்கும் சான்றுகளிலேயே பலவீனமானதை முதலில் எடுத்தார்கள். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் விடையும் மாறும்.

இங்கிலாந்து பிரீமியர் லீகின் 2011-12 சீசனை நடுநாயகமாக வைத்துச் சொல்கிறேன். மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட் இரண்டும் 89 புள்ளிகளோடு முடித்தன. இரண்டுமே 28 வெற்றி, 5 டிரா, 5 தோல்வி. கோல் வித்தியாசத்தில், அதாவது போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்ததில் (+64, +56), சிட்டி கோப்பையை எடுத்தது. கோப்பை சிட்டிக்கு, அதில் சர்ச்சை இல்லை. சிட்டி யுனைடெட்டை விடப் பலமான அணியா என்பது வேறு கேள்வி.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லீகின் எல்லா ஆட்டங்களின் பட்டியலும் வேண்டும். நீங்கள் ஒப்பிடும் இரண்டு அணிகளின் ஆட்டங்கள் மட்டும் போதாது, ஏன் என்பது 7-ஆம் படியில் புரியும். பிரீமியர் லீகில் 20 அணிகள், ஒரு சீசனுக்கு 380 ஆட்டங்கள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஐந்தே விவரங்கள்: தேதி, சொந்த மைதானத்தில் ஆடிய அணி, வெளியிலிருந்து வந்த அணி, இருவரும் போட்ட கோல்கள். ஆறாவதாக ஒரு குறிப்புக் கட்டம் வைத்து, சிவப்பு அட்டை எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்பதை எழுதுங்கள். அதைக் கணக்கில் சேர்க்கப் போவதில்லை. ஒரு ஸ்கோர் விசித்திரமாகத் தெரிந்தால் திரும்பிப் பார்க்க உதவும். எக்செல் போன்ற எந்த அட்டவணை மென்பொருளும் போதும்.

2. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"சிறந்த அணி எது?" என்பதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இந்த சீசனில் யார் அதிகம் சாதித்தார்கள் என்பது ஒன்று. நாளை பொதுவான மைதானத்தில் மோதினால் யாருக்கு வாய்ப்பு அதிகம் என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்குப் புள்ளிப் பட்டியலே பதில், கணக்கு தேவையில்லை. 2015-16-இல் லெஸ்டர் சிட்டி 81 புள்ளி, இரண்டாமிடத்தில் ஆர்சனல் 71. யார் சாதித்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. இரண்டாவது கேள்விக்கு வந்தால், லெஸ்டரின் கோல் வித்தியாசம் +32, ஆர்சனலுடையது +29, மூன்றாமிடத்து டாட்டன்ஹாமுடையது +34. பத்துப் புள்ளி இடைவெளி மூன்று கோலாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஆண்டு மார்ச் தொடங்கி ஏப்ரல் 3 வரை லெஸ்டர் தொடர்ந்து நான்கு ஆட்டங்களை 1-0 என்று வென்றது. சாதனை என்ற வகையில் அது மகத்தானது. ஆனால் அப்படி நான்கு ஆட்டங்களை மறுபடி ஆடினால் நான்கிலும் அதே முடிவு வருமா என்றால், வராது.

இந்த வழிகாட்டி இரண்டாவது கேள்விக்கானது.

3. காலத்தை முன்கூட்டியே வரையறுங்கள்

எத்தனை ஆட்டங்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை எண்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் மனசுக்குப் பிடித்த அணி வெல்லும் காலத்தைக் கை தானாகத் தேர்ந்தெடுக்கும். "கடைசி ஏழு ஆட்டத்தில்" என்று யாராவது தொடங்கினால், எட்டாவது ஆட்டத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

நான் வைத்திருப்பது 38 ஆட்டம், அதாவது ஒரு முழுச் சுற்று. அதைவிடக் குறைந்தால் அதிர்ஷ்டம் மேலோங்கும். அதிகமானால் வேறு பயிற்சியாளர், வேறு வீரர்கள் என்று அணியே மாறிப் போயிருக்கும். லெஸ்டரையே பாருங்கள். 2014-15-இல் 41 புள்ளி, 14-ஆம் இடம். அடுத்த ஆண்டு 81 புள்ளியோடு சாம்பியன். அதற்கடுத்த ஆண்டு 44 புள்ளி, 12-ஆம் இடம். மூன்று சீசனையும் கலந்தாலும் தவறு, நடுவில் இருப்பதை மட்டும் எடுத்தாலும் தவறு. சீசன் பாதியில் நிற்கிறீர்கள் என்றால், போன சீசனின் பிற்பாதியைச் சேர்த்து அதற்குப் பாதி எடை கொடுங்கள்.

4. பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

புள்ளிப் பட்டியலை அப்படியே நகலெடுக்காதீர்கள், ஆட்ட முடிவுகளிலிருந்து நீங்களே கூட்டுங்கள். 2023-24-இல் நிதி விதிகளை மீறியதற்காக எவர்டனுக்கு 8 புள்ளிகள் குறைக்கப்பட்டன. அவர்கள் மைதானத்தில் சம்பாதித்தது 48, பட்டியலில் தெரிவது 40. அந்தத் தண்டனை அணியின் ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

பெனால்டி ஷூட்அவுட்டில் முடிந்த ஆட்டம் எதுவானாலும் டிரா என்றே எழுதுங்கள். 2012 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் செல்சியும் பயர்ன் மியூனிக்கும் 1-1. ஷூட்அவுட்டில் செல்சி வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. அதே சீசனில் செல்சி இங்கிலாந்து லீகில் ஆறாமிடம்.

கோப்பைப் போட்டிகளையும் நட்பு ஆட்டங்களையும் தனித் தாளில் வையுங்கள். அவற்றில் அணிகள் எப்போதும் முழு பலத்தோடு இறங்குவதில்லை, ஆட்டங்களும் கொஞ்சம்தான். 2013 மே 11 அன்று விகன், மான்செஸ்டர் சிட்டியை 1-0 என வென்று எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது. மூன்றே நாளில் ஆர்சனலிடம் 4-1 என்று தோற்று, லீகிலிருந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

5. கோல் வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள், பெரிய ஸ்கோருக்கு வரம்பு போடுங்கள்

புள்ளிகளை விடக் கோல் வித்தியாசம் ஏன்? 1-0 வெற்றிக்கும் 4-0 வெற்றிக்கும் அதே மூன்று புள்ளிதான். அந்த இரண்டு ஆட்டத்திலும் ஒரு அணியின் பலம் ஒரே அளவுக்கா தெரிந்தது? ஒவ்வொரு ஆட்டத்திலும் போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்து எழுதுங்கள்.

அதற்காக எல்லாக் கோலுக்கும் ஒரே மதிப்பு இல்லை. 2019 அக்டோபர் 25 அன்று சவுத்தாம்ப்டன் தன் சொந்த மைதானத்தில் லெஸ்டரிடம் 0-9 என்று தோற்றது. 12-ஆவது நிமிடத்திலேயே ஒரு வீரரைச் சிவப்பு அட்டையில் இழந்திருந்தது. அந்த சீசனின் முடிவில் சவுத்தாம்ப்டனின் கோல் வித்தியாசம் -9. அந்த ஒரு ஆட்டத்தை நீக்கிப் பாருங்கள், மீதி 37 ஆட்டத்தில் சரியாகப் பூஜ்யம்! ஒரே ஒரு மாலைப்பொழுது ஒரு நடுத்தர அணியை மோசமான அணியாகக் காட்டுகிறது. அதே சவுத்தாம்ப்டன் ஜனவரியில் லெஸ்டர் மைதானத்துக்கே போய் 2-1 என வென்றது.

அதனால் ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 3 கோல் வித்தியாசம் என்று வரம்பு வையுங்கள். 9-0 என்பதும் 3, 5-1 என்பதும் 3. தோல்விக்கும் அதே வரம்புதான். மூன்று கோல் இடைவெளி விழுந்த பிறகு இரண்டு அணிகளும் அதற்கு முன்பு போல ஆடுவதில்லை. ஒன்று களைத்துவிடும், இன்னொன்று முன்னணி வீரர்களுக்கு ஓய்வு கொடுக்கும். அதற்கப்புறம் விழும் கோல் பலத்தைக் காட்டுவதை விடச் சோர்வைத்தான் காட்டுகிறது.

வழக்கமான தவறு: பெரிய ஸ்கோரைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுவது. அப்படிச் செய்தால் ஒரு நியாயமான வெற்றியே காணாமல் போகும். நானும் மேலே ஓர் ஆட்டத்தை நீக்கிக் காட்டினேன், ஆனால் அது அதன் தாக்கத்தைக் காட்டத்தான். கணக்கில் வரம்புதான் வேண்டும்.

6. மைதானத்தின் சலுகையைக் கழியுங்கள்

2011-12-இல் சிட்டி சொந்த மைதானத்தில் 18 வெற்றி, 1 டிரா, தோல்வியே இல்லை. வெளியே 10 வெற்றி, 4 டிரா, 5 தோல்வி. ஒரே அணி, ஒரே சீசன்! இந்தச் சலுகையின் பெரும்பகுதி பார்வையாளர்களிடமிருந்து வருகிறது என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. கொரோனாவால் பெரும்பாலும் காலி அரங்கில் நடந்த 2020-21 சீசனில், 380 ஆட்டங்களில் சொந்த அணி வென்றது 144, வெளி அணி வென்றது 153.

சாதாரண சீசனில் சொந்த மைதானத்தின் மதிப்பு சுமார் மூன்றிலொரு பங்கு கோல். உங்கள் லீகுக்கு நீங்களே கணக்கிடலாம்: சொந்த அணிகள் போட்ட மொத்தக் கோலிலிருந்து வெளி அணிகள் போட்டதைக் கழித்து, ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். கிடைக்கும் எண்ணைச் சொந்த மைதான ஆட்டம் ஒவ்வொன்றிலும் கழியுங்கள், வெளி ஆட்டத்தில் கூட்டுங்கள்.

சீசன் முடிந்துவிட்டால் எல்லா அணியும் 19 உள்ளே, 19 வெளியே ஆடியிருக்கும். அப்போது இந்தப் படியால் எதுவும் மாறாது, தாண்டிவிடலாம். வரம்பு போட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

7. யாரோடு ஆடினார்கள் என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் திணறும் படி இதுதான், நிதானமாகப் போவோம்.

டிசம்பரில் நிற்கிறீர்கள். அ அணி ஆட்டத்துக்குச் சராசரி +1.0, ஆ அணி +0.7. அ அணிதான் மேல் போலத் தோன்றும். ஆனால் அ சந்தித்த எதிரணிகளின் சராசரி -0.4, ஆ சந்தித்தவர்களின் சராசரி +0.2. கூட்டினால் அ: 0.6, ஆ: 0.9. வரிசை தலைகீழாகிவிட்டது.

சரி, எதிரணிகளின் மதிப்பு எங்கிருந்து வரும்? அவர்களின் எதிரணிகளிடமிருந்து. அதனால்தான் லீகின் எல்லா ஆட்டமும் வேண்டும் என்றேன். செய்முறை இது:

முதல் சுற்றில், ஒவ்வொரு அணிக்கும் 5, 6 படிகளில் திருத்திய சராசரி கோல் வித்தியாசத்தை எழுதுங்கள். இதை "மூல எண்" என்போம்.

இரண்டாம் சுற்றில், ஒவ்வோர் அணியின் மூல எண்ணோடு அது சந்தித்த எதிரணிகளின் முதல் சுற்று மதிப்புகளின் சராசரியைக் கூட்டுங்கள்.

மூன்றாம் சுற்றில், அதே மூல எண்ணோடு எதிரணிகளின் இரண்டாம் சுற்று மதிப்புகளின் சராசரியைக் கூட்டுங்கள். இப்படியே, எண்கள் 0.01-க்கு மேல் நகராமல் நிற்கும் வரை தொடருங்கள்.

நான் பார்த்தவரை பத்தில் எட்டுப் பேர் செய்யும் தவறு, எதிரணிகளின் சராசரியை மூல எண்ணோடு கூட்டாமல் போன சுற்றில் கிடைத்த மதிப்போடு கூட்டுவது. அப்படிச் செய்தால் எதிரணிகளின் பலம் திரும்பத் திரும்பச் சேர்ந்து எண்கள் உண்மையை விட்டு விலகிக்கொண்டே போகும். எல்லா அணிகளும் சமமான எண்ணிக்கையில் ஆடியிருந்தால் எல்லா மதிப்புகளின் கூட்டுத்தொகை பூஜ்யத்துக்கு அருகே நிற்கும். நிற்காவிட்டால் எங்கோ கூட்டல் தவறியிருக்கிறது. சீசன் தொடக்கத்தில் எண்கள் ஒரு சுற்றில் ஏறி மறுசுற்றில் இறங்கி ஊசலாடலாம். அப்போது கடைசி இரண்டு சுற்றின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெவ்வேறு லீகில் ஆடும் அணிகளை ஒப்பிட, சாம்பியன்ஸ் லீக் போன்ற இடைப்பாலம் இருந்தால்தான் இந்தக் கணக்கு வேலை செய்யும். இரண்டு லீகும் ஒன்றோடொன்று மோதவே இல்லை என்றால், ஆட்ட முடிவுகளிலிருந்து விடை கிடைக்காது.

8. ஆட்டங்கள் குறைவாக இருந்தால் எண்ணைச் சுருக்குங்கள்

ஐந்து ஆட்டத்தில் மொத்தம் +10 என்றால் சராசரி +2.0. எந்த அணியும் ஒரு முழு சீசனை அந்த வேகத்தில் முடிப்பது அபூர்வம். எளிய திருத்தம்: அந்த அணி கூடுதலாக ஆறு ஆட்டங்களை 0-0 என்று ஆடியதாக நினைத்து வகுங்கள். 10-ஐ 11-ஆல் வகுத்தால் 0.91. அது நம்பத்தக்க எண். 38 ஆட்டத்துக்குப் பிறகு இந்தத் திருத்தம் தானாகவே சிறிதாகிவிடும். எல்லா அணிக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

9. வித்தியாசம் நிஜமா என்று சோதியுங்கள்

இப்போது இரண்டு எண்கள் கையில் இருக்கின்றன, ஒன்று பெரியது. பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள்.

கால்பந்தில் கோல் அரிது, ஓர் ஆட்டத்துக்கு இரண்டே முக்கால் அளவில்தான் விழும். அதனால் தற்செயலின் பங்கு அதிகம். அதை அளக்க எளிய வழி: ஒப்பிடும் இரண்டு அணிகளும் போட்ட கோல், வாங்கிய கோல் நான்கையும் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். அதிர்ஷ்டம் மட்டுமே எவ்வளவு தூரம் அசைக்கக்கூடும் என்பதற்கு அது ஓர் அளவுகோல். வரம்பு போடாத கோல்களை வைத்தே இந்தச் சோதனையைச் செய்யலாம்.

சிட்டி 93 போட்டு 29 வாங்கியது. யுனைடெட் 89 போட்டு 33 வாங்கியது. மொத்தம் 244, வர்க்கமூலம் சுமார் 15.6. இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசமோ 8 கோல். அளவுகோலில் பாதி. கோப்பையைத் தீர்மானித்த எட்டுக் கோலால் பலத்தைத் தீர்மானிக்க முடியாது.

2015-16-இல் டாட்டன்ஹாம் (69-35), மான்செஸ்டர் யுனைடெட் (49-35) இரண்டையும் எடுத்தால் மொத்தம் 188, வர்க்கமூலம் 13.7, வித்தியாசம் 20. அளவுகோலின் ஒன்றரை மடங்கை நெருங்குகிறது. இங்கே டாட்டன்ஹாம் மேல் என்று ஓரளவு தெம்பாகச் சொல்லலாம். இரண்டு மடங்கைத் தாண்டினால் தயக்கமே வேண்டாம். ஒரு மடங்குக்குக் கீழே இருந்தால் "பிரித்துச் சொல்ல முடியாது" என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு விடைதான்.

10. நேருக்கு நேர் முடிவுகளைக் கடைசியாகப் பாருங்கள்

2011 அக்டோபர் 23 அன்று யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் சிட்டி 6-1 என வென்றது. 2012 ஏப்ரல் 30 அன்று தன் மைதானத்தில் 1-0. இரண்டு லீக் ஆட்டமும் சிட்டிக்கே. அப்படியென்றால் சிட்டிதானே பலம்?

அந்த 6-1 ஆட்டத்தில் இடைவேளை முடிந்ததுமே யுனைடெட் பத்துப் பேரானது, அப்போது ஸ்கோர் 1-0. கடைசி மூன்று கோல்கள் 89-ஆவது நிமிடத்திலும் அதற்குப் பிறகும் விழுந்தவை. இன்னொரு பக்கம், அதே சீசனின் தொடக்கத்தில் கம்யூனிட்டி ஷீல்ட் என்ற ஒற்றை ஆட்டக் கோப்பையில் யுனைடெட் 3-2, ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் மறுபடியும் யுனைடெட் 3-2. அந்த ஜனவரி ஆட்டத்தில் 12-ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கியது சிட்டி. மொத்தத்தில் ஆளுக்கு இரண்டு.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். அந்த இரண்டு லீக் ஆட்டங்களையும் எடுத்துவிட்டு மீதி 18 அணிகளோடு ஆடியதை மட்டும் கூட்டினால், யுனைடெட் 89 புள்ளி, +62. சிட்டி 83 புள்ளி, +58. நான் முதல்முறை இதைக் கூட்டியபோது தவறு செய்துவிட்டேனோ என்று இரண்டு தடவை சரிபார்த்தேன்.

நேர் மோதலை வைத்துத் தரவரிசை போட முயன்றால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு 2015-16 நல்ல பாடம். ஆர்சனல் லெஸ்டரை இரண்டு முறையும் வென்றது (5-2, 2-1). செல்சி ஆர்சனலை இரண்டு முறையும் வென்றது (2-0, 1-0). லெஸ்டர் செல்சியை ஒருமுறை 2-1 என வென்று, மறுமுறை 1-1 டிரா செய்தது. சுற்றிச் சுற்றி வருகிறது, தலையும் இல்லை வாலும் இல்லை. செல்சி முடித்தது பத்தாமிடத்தில்.

காரணம் எளிது. பொதுவான மைதானத்தில் ஆட்டத்துக்கு அரைக் கோல் அளவு பலமான அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 38 ஆட்டத்தில் அது 19 கோல், சின்ன இடைவெளி அல்ல. கோல்கள் தற்செயலாக விழும் விதத்தைக் கணக்கிட்டால், அந்த அணி ஒரு தனி ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு சுமார் 49 சதவீதம், டிரா 25, தோல்வி 26. நான்கில் ஒரு தடவை பலவீனமான அணியே வெல்லும். இரண்டு ஆட்டத்தை வைத்து என்ன சொல்ல முடியும்?

இதிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. நேர் மோதல்கள் 5-ஆம் படியிலேயே கணக்கில் சேர்ந்துவிட்டன. கடைசியில் "போனஸாக" மறுபடி சேர்த்தால் அதே ஆட்டத்தை இரண்டு முறை எண்ணியதாகும். ஸ்பெயினின் லா லிகா சமப் புள்ளி வந்தால் நேர் மோதலைப் பார்க்கிறது என்று சிலர் காட்டுவார்கள். கோப்பையை யாரிடம் கொடுப்பது என்பதற்கு ஒரு விதி வேண்டும், அதற்காக வைத்தது அது. இந்தப் படியை ஒரே ஒரு காரணத்துக்குப் பயன்படுத்துங்கள்: கணக்கு ஒரு பக்கமும் நேர் மோதல் மறுபக்கமும் நின்றால், குறிப்புக் கட்டத்தைத் திறந்து சிவப்பு அட்டைகளையும் தேதிகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

11. விடையை எழுதுங்கள்

அணியின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். எந்தக் காலம், எத்தனை ஆட்டம், ஆட்டத்துக்கு எவ்வளவு கோல் இடைவெளி, அளவுகோலில் எத்தனை மடங்கு என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த மாதம் புது முடிவுகள் வரும்போது எதை மாற்ற வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

என் தாளில் அந்த சீசனுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "2011-12, லீக், 38 ஆட்டம். சிட்டி ஆட்டத்துக்கு 0.2 கோல் மேல். அளவுகோலில் பாதி. பிரித்துச் சொல்ல முடியாது. மற்ற 18 அணிகளோடு யுனைடெட் சற்றே மேல்."